ரேடியேஷன் பாதிப்பை பி.பி. மாத்திரை குறைக்குமா?

உங்கள் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், மூன்றாம் நிலை. கீமோவோடு சேர்த்து ஆறு வாரம் ரேடியேஷன் தொடங்கப் போகிறது. பி.பி.க்கு ஏற்கெனவே அம்லோடிபின் சாப்பிடுகிறார். சில பி.பி. மாத்திரைகள் நல்ல உறுப்புகளைக் கதிர்வீச்சிலிருந்து காக்கும் என்று படித்திருக்கிறீர்கள், அதனால் அந்த மாத்திரைக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் படித்தது உண்மையா என்பது ஒன்று. உண்மையாகவே இருந்தாலும், அதை நம்பி அப்பாவின் மாத்திரையை இப்போது மாற்றலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் 'பாதி உண்மை'. இரண்டாவதற்கு, நீங்களாக மாற்றாதீர்கள், ஆனால் டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தை ஒரே வரியில் சொன்னால் யாராவது தவறாகப் புரிந்துகொண்டு மருந்துக்கடைக்குப் போய்விடுவார்கள்.

நான் கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவராகப் பல வருடங்களாக வேலை செய்கிறேன், நுரையீரல் நோயாளிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் அப்பாவின் ஸ்கேனையோ ரத்தப் பரிசோதனையையோ நான் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு இந்த மாத்திரை, இந்த டோஸ் என்று இங்கே சொல்ல மாட்டேன், வேறு யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

முதலில், எல்லா பி.பி. மாத்திரைகளையும் பற்றிய பேச்சு இல்லை இது. ஆராய்ச்சியில் திரும்பத் திரும்ப வருவது இரண்டே வகை. 'பிரில்' என்று முடியும் கேப்டோபிரில், எனாலாபிரில், லிசினோபிரில், ராமிபிரில் ஒரு வகை. 'சார்ட்டான்' என்று முடியும் லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்றவை மற்றொன்று. உடம்பில் ஆஞ்சியோடென்சின் என்று ஒரு ஹார்மோன் உண்டு, ரத்தக்குழாயைச் சுருக்கி பி.பி.யை ஏற்றுவது அதன் வேலைகளில் ஒன்று. பிரில் மாத்திரை அந்த ஹார்மோன் உருவாவதைக் குறைக்கும், சார்ட்டான் அது செல்களில் போய் ஒட்டுவதைத் தடுக்கும். இதே ஆஞ்சியோடென்சின், காயம்பட்ட திசுவில் அழற்சியையும் தழும்பையும் கூட்டும் குணமும் உடையது, இந்தக் கதையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. அப்பா சாப்பிடும் அம்லோடிபின் முற்றிலும் வேறு வழியில் வேலை செய்வது, கால்சியத்தைத் தடுத்து ரத்தக்குழாயைத் தளர்த்தும். அது நல்ல பி.பி. மாத்திரைதான், ஆனால் கதிர்வீச்சு விஷயத்தில் அதன்மேல் இந்த எதிர்பார்ப்பை வைக்க முடியாது.

கதிர்வீச்சு நல்ல உறுப்பைப் பாதிக்கும் விதத்தையும் தெரிந்துகொண்டால்தான் மாத்திரை எங்கே நுழைகிறது என்று விளங்கும். தோல் சிவப்பது, தொண்டை எரிவது எல்லாம் சிகிச்சையின்போதே வந்து சில வாரங்களில் ஆறிவிடும். நுரையீரலும் கிட்னியும் அப்படியில்லை. சிகிச்சை முடிந்த அன்று இரண்டும் நன்றாகவே இருப்பதுபோலத் தெரியும். நுரையீரல் அழற்சி பெரும்பாலும் ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும், அதற்குப் பிறகு தழும்பேறுதல் வரும். கிட்னி பாதிப்பு இன்னும் மெதுவானது, ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துக்கூட பி.பி. ஏறுவது, சிறுநீரில் புரதம் போவது, ரத்தசோகை என்று வெளிப்படும். அந்த இடைப்பட்ட அமைதியான காலத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உள்சவ்வு பழுதாகிக்கொண்டே போகும், அழற்சி ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கும். அந்த அமைதிக் காலத்தில் ஏதாவது கொடுத்துப் போக்கை மாற்ற முடியுமா என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் கேட்ட கேள்வி.

எலிகளில், முடியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் மில்வாக்கியிலுள்ள விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஜான் மோல்டர், எரிக் கோஹன் ஆகியோரின் குழு 1990களிலிருந்து இதைத்தான் பொறுமையாகச் செய்து வந்தது. கிட்னி பழுதாகும் அளவுக்குக் கதிர்வீச்சு கொடுத்த எலிகளுக்கு கேப்டோபிரில் கொடுத்தால் கிட்னி செயலிழப்பு வெகுவாகத் தள்ளிப்போனது. கேப்டோபிரிலின் மூலக்கூறில் கந்தகம் கொண்ட ஒரு பகுதி உண்டு, கதிர்வீச்சு உண்டாக்கும் கேடான மூலக்கூறுகளை அது துடைத்து எடுக்கிறதோ என்ற எண்ணம் முதலில் இருந்தது. ஆனால் அந்தக் கந்தகம் இல்லாத எனாலாபிரிலும் வேலை செய்தது, சார்ட்டான் வகையும் வேலை செய்தது. இன்னும் முக்கியமாக, கதிர்வீச்சு கொடுத்துச் சில வாரம் கழித்து மருந்தைத் தொடங்கினாலும் பலன் இருந்தது. கேடான அந்த மூலக்கூறுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுபவை, மூன்று வாரம் கழித்துத் துடைக்க அங்கே எதுவுமே இருக்காது. ஆக இது கதிர்வீச்சைத் தடுக்கும் கவசம் அல்ல, பட்ட காயம் மோசமாவதைத் தடுக்கும் வழி. எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பே இதுதான்.

பி.பி. குறைவதால்தான் கிட்னி தப்பிக்கிறது என்றும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. நீர் பிரியச் செய்யும் தையசைடு மாத்திரையாலும் அந்த எலிகளின் பி.பி. இறங்கும், ஆனால் கிட்னியைக் காப்பதில் அது எனாலாபிரிலுக்கு ஈடாகவில்லை. அப்படியானால் கதிர்வீச்சு ஆஞ்சியோடென்சினை ஏற்றிவிடுகிறது, மருந்து அதை இறக்குகிறது என்று எளிதாக முடிச்சுப் போடத் தோன்றும். அதுவும் சரியாக வரவில்லை. அளந்து பார்த்தபோது கதிர்வீச்சு பட்ட எலிகளில் அந்த ஹார்மோன் தெளிவாக ஏறியிருக்கவில்லை. வழக்கமான அளவே பழுதான ரத்தக்குழாய்க்குத் தாங்க முடியாததாகிவிடுகிறதோ என்பது ஒரு விளக்கம், ஆனால் அது இன்னும் ஊகம்தான். எலிகளில் மருந்து வேலை செய்வது உறுதி, எப்படிச் செய்கிறது என்பது இன்னும் தீராத விவாதம்.

நுரையீரலிலும் எலிகளில் இதே திசையில் முடிவுகள் வந்திருக்கின்றன. மூளையில், சார்ட்டான் வகை மருந்து கொடுத்த எலிகளுக்குக் கதிர்வீச்சுக்குப் பிறகு நினைவாற்றல் குறைவது தடுக்கப்பட்டது. எலும்பு மஜ்ஜையில்தான் ஒரு எச்சரிக்கை மணி இருக்கிறது. சுண்டெலிகளுக்குக் கதிர்வீச்சுக்குப் பிறகு கேப்டோபிரில் தொடங்கினால் பிழைப்பவை கூடின, ஆனால் கதிர்வீச்சுக்கு முன்பிருந்தே கொடுத்தபோது மஜ்ஜை மீள்வது பின்னடைந்தது. ஒரே மருந்து, நேரம் மாறினால் பலன் தலைகீழ். 'முன்கூட்டியே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லதுதானே' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் டோஸ். பழைய எலி ஆய்வுகள் பலவற்றில் கொடுத்த அளவு, உடல் எடைக்கு எடை பார்த்தால், மனிதருக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு. எலியின் உடல் மருந்தை வேகமாகக் கரைத்துவிடும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் அது தாராளமான அளவுதான். கீமோவில் களைத்துப்போன ஒரு மனிதருக்கு அந்த அளவைக் கொடுக்க நினைத்தால் பி.பி. விழுந்துவிடும்.

சரி, மனிதர்களில் என்ன தெரியும்? இங்கேதான் தரை நழுவுகிறது. கிட்னிக்குக் கிடைத்த சிறந்த ஆதாரம் அதே மில்வாக்கி குழுவிடமிருந்து வந்தது. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக உடல் முழுதும் கதிர்வீச்சு பெற்ற 55 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு கேப்டோபிரிலும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. கேப்டோபிரில் எடுத்தவர்கள் பக்கம் கொஞ்சம் நன்றாகத் தெரிந்தது, ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க முடியாது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. பின்னால் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தபோதும் நிலைமை அதேதான்: திசை சரி, உறுதி போதாது. 55 பேரை வைத்து அதற்குமேல் எதிர்பார்க்கவும் முடியாது.

இதில் ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சினால் கிட்னி ஏற்கெனவே பழுதாகி பி.பி.யும் புரதக் கசிவும் வந்துவிட்டது என்றால், அப்போது கிட்னி மருத்துவர்கள் முதலில் கையில் எடுப்பது பிரில் அல்லது சார்ட்டான்தான். சர்க்கரை நோயிலும் மற்ற புரதக் கசிவு நோய்களிலும் இவை கிட்னியைக் காப்பது பெரிய ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்டது, அதனால் இதில் தயக்கம் வேண்டியதில்லை. வந்த பாதிப்புக்கு மருத்துவம் செய்வது வேறு, வராமலிருக்கக் கொடுப்பது வேறு.

உங்களுக்கு வேண்டியது நுரையீரல். இங்கே பெரும்பாலான ஆதாரம் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிக் கணக்கெடுத்தது. வேறு காரணத்துக்காக, அதாவது பி.பி.க்கோ இதயத்துக்கோ, ஏற்கெனவே பிரில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் அழற்சி குறைவாக வந்ததா என்று பார்த்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் 2000இல் வந்த ஆய்வில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 2012இல் விஸ்கான்சினிலிருந்து வந்ததில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவீதத்துக்கும் சாப்பிடாதவர்களில் 11 சதவீதத்துக்கும் மருத்துவம் தேவைப்படும் அளவு அழற்சி வந்திருந்தது. நீங்கள் படித்த கட்டுரை அநேகமாக இதைத்தான் சொல்லியிருக்கும், எண்கள் கவர்ச்சியாக இருக்கின்றன. இப்படிப்பட்ட ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் பிரில் வகைக்குச் சாதகமாகவே சாய்கிறது, சார்ட்டான் வகைக்கு அவ்வளவாக இல்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு, நான் தினமும் கண்ணால் பார்ப்பது. பிரில் மாத்திரையின் பிரபலமான பக்கவிளைவே வறட்டு இருமல், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வரும். இருமும் நோயாளி டாக்டரிடம் போனால் முதல் வேலையாக அந்த மாத்திரையை நிறுத்தி சார்ட்டானுக்கு மாற்றிவிடுவார்கள். ஏற்கெனவே நுரையீரல் மோசமாக இருப்பவர்தான் அதிகம் இருமுவார். ஆக 'மாத்திரை சாப்பிடாதவர்கள்' கூட்டத்திலும் 'சார்ட்டான்' கூட்டத்திலும் இருமுகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சேர்ந்துவிடுகிறார்கள், 'பிரில்' கூட்டத்தில் நல்ல நுரையீரல்கள் தங்கிவிடுகின்றன. மாத்திரை எதுவுமே செய்யாவிட்டாலும் அது காப்பதுபோலத் தெரியும். எவ்வளவு தூரம் இது முடிவைத் திரித்தது என்று கேஸ் ஷீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு வேண்டும் என்று எங்களைப் போன்றவர்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

அப்படி ஆய்வு செய்ய முயலாமல் இல்லை. அமெரிக்காவில் ஆர்.டி.ஓ.ஜி. என்ற கூட்டமைப்பு நுரையீரல் நோயாளிகளில் கேப்டோபிரிலைச் சோதிக்க ஓர் ஆய்வைத் தொடங்கியது, போதுமான நோயாளிகள் சேராததால் பாதியில் மூடவேண்டியதாயிற்று. பிறகு மேயோ கிளினிக் லிசினோபிரில் 20 மில்லிகிராமை வைத்து ஒரு ஆய்வு செய்தது, அதில் இருபதுக்குச் சற்று அதிகமானோர்தான் இருந்தார்கள். மருந்து எடுத்தவர்கள் இருமலும் மூச்சுத்திணறலும் குறைவு என்று சொன்னார்கள், பெரிய பக்கவிளைவும் இல்லை. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் அத்தனை சிறிய கூட்டத்தை வைத்து உலகம் முழுதும் மருத்துவத்தை மாற்ற முடியாது. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மலிவான மாத்திரைகள் இவை, பெரிய ஆய்வுக்குப் பணம் போட எந்த கம்பெனிக்கும் அவசியம் இல்லை. பொதுப் பணத்தில்தான் செய்ய வேண்டும், செய்யப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எலியில் வந்ததெல்லாம் மனிதரிலும் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு மூளை ஒரு உதாரணம். மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு பெறுபவர்களில் லோசார்ட்டான் மூளை வீக்கத்தைக் குறைத்து ஸ்டீராய்டு தேவையைக் குறைக்கும் என்று பழைய கேஸ் ஷீட்டுகள் காட்டின. பிரான்ஸில் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு தேவையில் வித்தியாசம் இல்லை.

இந்த மாத்திரை கட்டியையும் சேர்த்துக் காப்பாற்றிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு வரலாம், நியாயமான பயம். இதுவரை விலங்கு ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. பி.பி.க்காக இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே கதிர்வீச்சு பெறும் நோயாளிகள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள், அதற்காக நாங்கள் அவற்றை நிறுத்துவதில்லை. அதனால் ஏற்கெனவே பிரிலோ சார்ட்டானோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம்.

இப்போது அப்பாவின் விஷயம். புதிதாக பிரில் தொடங்க இந்த நேரம் எனக்கு அவ்வளவு வசதியாகப் படவில்லை. காரணம் ஒன்று இருமல். சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து ஒருவர் வறட்டு இருமலோடு வந்து உட்காருகிறார் என்று வையுங்கள். சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு அழற்சி பல நேரங்களில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேரான விளிம்போடு, கதிர் போன பாதையிலேயே வெள்ளையாகத் தெரியும், கிருமித்தொற்று அப்படி நேர்க்கோட்டில் நிற்காது. அது தெரிந்தால் தெளிவு. ஆனால் லேசான மங்கல் மட்டும் இருந்து, அவர் புதிதாக எனாலாபிரிலும் எடுக்கிறார் என்றால், இருமல் மாத்திரையாலா கதிர்வீச்சாலா என்று தெரியாமல் ஸ்டீராய்டு தொடங்குவதா காத்திருப்பதா என்று குழம்ப வேண்டியிருக்கும். கீமோ-ரேடியேஷனுக்குப் பிறகு துர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு ஊசி போடுவார்கள் என்றால் அதுவும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கக் கூடியது, குழப்பத்துக்கு இன்னொரு காரணம் சேரும்.

இரண்டாவது காரணம் கீமோ. சிஸ்பிளாட்டின் என்றால் அதுவே கிட்னிக்குக் கடினமான மருந்து. வாந்தி எடுத்து, தண்ணீர் குடிக்க முடியாமல் உடம்பு வற்றிய நிலையில் பிரிலோ சார்ட்டானோ உள்ளே இருந்தால், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ரத்தத்திலுள்ள பொட்டாசியமும் மளமளவென்று ஏறலாம். கூடவே வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையும் எடுத்தால் ஆபத்து இன்னும் அதிகம். கிட்னியைக் காக்கப்போய் கிட்னியையே கெடுத்துக்கொள்வதாக முடியும். அபூர்வமாக நாக்கு, தொண்டை வீங்கி மூச்சே அடைக்கலாம், பிரில் வகையில் அது தெரிந்த பக்கவிளைவு.

அதே சமயம் மாற்றவே கூடாது என்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோயும் சிறுநீரில் புரதமும் இருக்கிறது, அல்லது இதயத்தின் பம்பிங் குறைவு என்றால், பிரில் அல்லது சார்ட்டானுக்குச் சொந்தமாகவே ஒரு காரணம் இருக்கிறது. அப்போது மாற்றுவதில் நுரையீரலுக்கும் ஏதாவது நன்மை கிடைத்தால் கிடைக்கட்டும். அப்படி எதுவும் இல்லை, அம்லோடிபினில் பி.பி. சரியாக நிற்கிறது என்றால், என் நோயாளியாக இருந்தால் நான் மாற்ற மாட்டேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி நினைத்தால் அதுவும் தவறில்லை, ரத்தப் பரிசோதனையைக் கூடவே பார்த்துக்கொண்டால் போதும்.

டாக்டரைப் பார்க்கும்போது மாத்திரையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது சிகிச்சைத் திட்டத்தைப் பற்றி. நுரையீரலைக் காப்பதில் இன்றைக்கு நிச்சயமாகப் பலன் தருவது அதுதான். 20 கிரே (கிரே என்பது கதிர்வீச்சு டோஸை அளக்கும் அலகு) அல்லது அதற்குமேல் டோஸ் வாங்கும் நுரையீரல் பகுதி மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், 35க்குக் கீழே வைக்கப் பார்ப்போம், முடிந்தால் இன்னும் கீழே. நுரையீரலின் சராசரி டோஸ் 20 கிரேக்குள் இருக்கிறதா, இதயத்துக்கு எவ்வளவு போகிறது, மூச்சு விடும்போது கட்டி நகர்வதை எப்படிக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இந்த எண்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும், கேட்டால் திரையைத் திருப்பிக் காட்டுவதில் எங்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. சிகிச்சைக்கு முன் மூச்சுப் பரிசோதனை ஒன்று செய்து வைத்திருந்தால் பிறகு ஒப்பிட உதவும். அப்பா புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தட்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு வரும் ஆறு மாதத்தில் புதிதாக வறட்டு இருமல், மாடிப்படி ஏறும்போது முன்பில்லாத மூச்சுவாங்கல், லேசான காய்ச்சல், இதில் எது வந்தாலும் சளி என்று இருமல் மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள், ரேடியேஷன் கொடுத்த டாக்டருக்கே போன் செய்யுங்கள். அழற்சி என்று உறுதியானால் ஸ்டீராய்டு மாத்திரை பெரும்பாலும் நன்றாகக் கேட்கும், ஆனால் சட்டென்று நிறுத்தாமல் சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அப்பா எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும், அம்லோடிபின் உட்பட, ஒரு தாளில் எழுதி முதல் நாளே கொண்டுபோங்கள். பி.பி. மாத்திரையை மாற்றலாமா என்ற கேள்வியையும் அதே தாளின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள். கிரியாட்டினின், பொட்டாசியம், கீமோ மருந்தின் பெயர், இந்த மூன்றும் கையில் இருந்தால் அந்தக் கேள்விக்கு அவர் அங்கேயே பதில் சொல்லிவிடுவார்.